காது ஒருவருக்குக் கேட்கவில்லை, பாதிப்பு இருவருக்கும்: வயதான தம்பதியரும் செவித்திறன் குறைவும்

பொருநைக்கரை (இழை தொடங்கியவர்)

காது மெஷின் எது வாங்கலாம், எங்கே சோதிக்கலாம் என்று இந்தப் பகுதியில் நிறைய இழைகள் இருக்கின்றன. மெஷின் மாட்டியவரோடு ஒரே வீட்டில் முப்பது நாற்பது வருடம் வாழ்ந்துவரும் கணவரோ மனைவியோ என்ன ஆகிறார் என்பதற்கு ஓர் இழைகூட இல்லை. சோதனை நடக்கும்போது அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே ஒருவரின் காது அளக்கப்படும். வெளியே இருப்பவருக்கு எவ்வளவு தூக்கம் போயிற்று, எவ்வளவு பேச்சு நின்றுபோயிற்று என்பது எந்தத் தாளிலும் ஏறாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கைப்படி, உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு ஏதாவது ஓர் அளவில் செவிக்குறை இருக்கிறது. 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ கருவியோ பயிற்சியோ தேவை. இவர்களில் பெரும்பகுதியினர் தனியாக வாழ்பவர்கள் அல்லர்.

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட தம்பதியரில் ஒருவருக்குக் காது மெல்ல மெல்லக் குறையும் நிலையை மட்டும் இங்கே பேசுவோம். எது உடைகிறது, ஏன் உடைகிறது, வீட்டில் என்ன மாற்றலாம். துறையில் இருப்பவர்கள் விரிவாக எழுதுங்கள். சொந்தக் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது.

---

செவிவழி (ஆடியாலஜிஸ்ட்)

நல்ல இழை ஐயா. முதலில், பாதிச் சண்டைகளுக்குக் காரணமான ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

"நான் கூப்பிட்டா கேக்கல, பேரன் போன்ல பேசினா மட்டும் கேக்குது." "வேணும்னே கேக்காத மாதிரி இருக்கார்." இந்த இரண்டு வாக்கியமும் வராத வீடு குறைவு. இதில் வேண்டுமென்றே செய்வது எதுவும் இல்லை.

வயதால் வரும் செவிக்குறை எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. உயர் அதிர்வெண், அதாவது கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகும். ஆடியோகிராம் என்பது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்; கோடு கீழே இறங்க இறங்கக் குறை அதிகம். அதில் 250, 500 ஹெர்ட்ஸில் கோடு மேலே நன்றாக நிற்கும். 2000-க்கு அப்பால் சரிந்து, 4000, 8000-இல் 60 டெசிபலுக்கும் கீழே இறங்கிவிடும். பேச்சில் உயிரொலிகள் தாழ் அதிர்வெண்ணில் இருக்கின்றன. அவைதான் பேச்சுக்குச் சத்தத்தைத் தருபவை. சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக்காட்டும் மெய்யொலிகள், முக்கியமாக ச, ட, த, க போன்றவை, மேலே இருக்கின்றன. அதனால் யாரோ பேசுவது கேட்கும், என்ன சொன்னார் என்பது பிடிபடாது. சட்டை, கட்டை, பட்டை மூன்றும் ஒரே சொல்லாக வந்து விழும். "பால் வாங்கணும்" என்பதில் பாலா காலா என்று மூளை ஊகிக்க வேண்டியிருக்கும்.

அமைதியான அறையில், எதிரே முகம் தெரிய, பழகிய விஷயத்தைப் பேசினால் அந்த ஊகம் சரியாக இருக்கும். அடுக்களையிலிருந்து, மிக்ஸி ஓடும்போது, புது விஷயத்தைச் சொன்னால் தவறிவிடும். போன் காதோடு ஒட்டியிருக்கிறது, சத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம், பேரன் பேசுவதும் பெரும்பாலும் "சாப்பிட்டீங்களா தாத்தா"தான். அது கேட்பதில் வியப்பில்லை.

இன்னொன்று, கத்துவது. உட்செவியின் உணர்வுச் செல்கள் கெட்டவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது; ஆனால் உரத்த ஒலி மற்றவர்களுக்கு எவ்வளவு உறுத்துமோ அவ்வளவு உறுத்தும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. "சத்தமா சொல்லு" என்பார், சத்தமாகச் சொன்னால் "ஏன் கத்துற?" என்பார். அவர் சொல்வது இரண்டும் உண்மை. கத்தும்போது உயிரொலிதான் கூடுகிறது, மெய்யொலி தெளிவாவதில்லை. முகமும் கோபமாகத் தெரிகிறது. சொல் பிடிபடாதவர் முகத்தைத்தான் படிப்பார்.

---

முல்லைத்திணை (குடும்ப ஆலோசகர்)

மேடம் சொன்ன கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் போவது பெரிய பேச்சு அல்ல. பேங்க் வேலை, மருந்து, பிள்ளைகள் வருகை எல்லாம் இரண்டு தடவையாவது கத்திச் சொல்லப்பட்டுவிடும். போவது சின்னப் பேச்சு. "இன்னிக்குக் காத்து நல்லா இருக்குல்ல", "எதிர் வீட்டுல பெயின்ட் அடிக்கிறாங்க", சீரியல் பார்க்கும்போது விடும் ஒரு சின்ன விமர்சனம். இவற்றை யாரும் மூன்று தடவை உரக்கச் சொல்லமாட்டார்கள். மூன்றாம் தடவை சொல்லும்போது சுவை போய்விடும். ஒரு நாளைக்குப் பத்திருபது முறை இப்படி வாயில் வந்ததை விழுங்கப் பழகிய பிறகு, அந்த வீட்டில் மிஞ்சுவது தகவல் பரிமாற்றம் மட்டும்தான். இருவருக்கும் தனிமை வருகிறது, ஆனால் இருவரும் ஒரே ஹாலில் இருப்பதால் யாரும் அதைத் தனிமை என்று சொல்வதில்லை.

தம்பதியரோடு வேலை செய்யும்போது நான் முதலில் தேடுவது "ஒண்ணுமில்ல, விடுங்க" என்ற வாக்கியத்தை. சொல்பவருக்கு அது களைப்பு. கேட்பவருக்கு அது கதவடைப்பு. "எனக்குச் சொல்ல அது லாயக்கில்லையா, இல்ல நான் லாயக்கில்லையா" என்று மனம் போகும். ஒரே ஒரு விதியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இந்த வாக்கியத்தை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பேன். இப்போது முடியவில்லை என்றால் "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லி, அதே நாளில் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

காது நன்றாக இருக்கும் துணைக்கு வரும் பாதிப்பு வேறு மாதிரி. உறவினர் வந்தால் மொழிபெயர்ப்பாளர், போனுக்கு உதவியாளர், டாக்டர் அறையில் காது, வாசல் மணிக்குக் காவல். நாள் முழுக்க உரத்துப் பேசித் தொண்டை கட்டும். டிவி சத்தத்தில் தலைவலி. கல்யாணம், காதுகுத்துக்கு "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்பது தொடங்கி, நாளடைவில் அவரும் போவதை நிறுத்திவிடுவார். குறையுள்ளவரின் உடன்வாழ்பவருக்கு நேரும் இந்த இழப்பை உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் மூன்றாம் தரப்பு ஊனம் என்றே பேசுகிறார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை அளக்கவே தனி வினாத்தாள் உருவாக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் துணையிடம் ஒரு கேள்வி கேட்டாலே பெரிய விஷயம்.

---

தணிகை

மரியாதையோடு மாறுபடுகிறேன். மூல காரணம் காது. நல்ல மெஷினை இரண்டு காதிலும் சரியாகப் பொருத்திவிட்டால் மேலே சொன்னதில் முக்கால்வாசி தானாகத் தீரும். ஆலோசனை, விதிமுறை எல்லாம் மெஷின் வாங்காதவர்களுக்கு.

---

செவிவழி

தணிகை சார், மெஷின் அடிப்படை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் முக்கால்வாசி என்பது கிளினிக் அறைக்குள் மட்டும் உண்மை.

ஒலி, தூரம் இரட்டிக்க இரட்டிக்கச் சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 60 டெசிபலாக இருக்கும் பேச்சு நான்கு மீட்டரில், அதாவது ஹாலிலிருந்து அடுக்களை வாசல் தூரத்தில், 50-க்குப் பக்கத்தில் வந்துவிடும். மின்விசிறி, டிவி, தெருச் சத்தம் அப்படியே இருக்கும். மெஷின் இரண்டையும் பெரிதாக்கும். இப்போதைய மெஷின்கள் பின்னணி இரைச்சலை ஓரளவு அடக்குகின்றன, எதிரே வரும் பேச்சை முன்னே கொண்டுவருகின்றன. சுவருக்கு அப்பாலிருந்து வரும் பேச்சை மீட்க எந்த மெஷினாலும் முடியாது.

இரண்டாவது, பொருத்தும் முறை. கணினித் திரையில் ஆடியோகிராமை ஏற்றி "முதல் பொருத்தம்" பொத்தானை அழுத்தி அனுப்பிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. காதுக்குழாயின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. மெல்லிய குழாய் மைக்கைக் காதுக்குள், செவிப்பறைக்கு அருகில் வைத்து, அங்கே வந்துசேரும் ஒலியை நேரடியாக அளந்து சரிசெய்ய வேண்டும். மெஷின் வாங்கும் இடத்தில் "காதுக்குள்ள அளந்து செட் பண்ணுவீங்களா?" என்று கேளுங்கள். அந்த அளவை எடுக்கும்போது துணையும் உள்ளே இருக்கட்டும். பீப் சத்தத்தை வைத்து மட்டும் முடிக்காமல், துணையின் குரலிலேயே நாலு வாக்கியம் பேசவைத்துச் சோதிக்க வேண்டும். அவர் நாள் முழுக்கக் கேட்கப்போவது அந்தக் குரலைத்தான்.

பழகிய குரலுக்கு ஓர் அனுகூலமும் உண்டு. நீண்டகாலத் தம்பதியரை வைத்து 2013-இல் வந்த ஓர் ஆய்வில், இரண்டு குரல்கள் ஒன்றோடொன்று மோதும்போது அறிமுகமில்லாதவர் குரலைவிடத் துணையின் குரலை நன்றாகப் பின்தொடர முடிந்தது. அதை வீணாக்கக் கூடாது.

மூன்றாவது, முதல் இரண்டு மாதம். வருடக்கணக்கில் கேட்காத ஒலியெல்லாம் ஒரே நாளில் வரும்: செருப்பு உரசல், பாத்திரம், செய்தித்தாள் மடிப்பு. சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் இருக்கும். அமைதியான அறையில் நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டி, ஒரு மாதத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மாட்டும் அளவுக்கு வர வேண்டும். முதல் வாரமே கல்யாண மண்டபத்துக்கு மாட்டிக்கொண்டு போனால் மெஷின் மேஜை டிராயருக்குப் போய்விடும். எத்தனை மணி நேரம் மாட்டினார் என்பதை மெஷினே பதிவுசெய்து வைத்திருக்கும். அடுத்த சந்திப்பில் அதைப் பார்த்துத் துணையைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது. அது விசாரணையாகிவிடும்.

---

வெண்ணிலவன் (இ.என்.டி.)

மெஷினுக்கு முன்னால் சில வார்த்தை.

குறும்பி அடைத்திருந்தாலே நன்றாகக் கேட்பது குறையும், இருக்கும் குறையும் கூடும். முதலில் காதைப் பார்க்க வேண்டும். பட்ஸ், ஊக்கு, சூடான எண்ணெய் எதுவும் வேண்டாம்.

ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில், மந்தமானால் அது அவசரம். "சளி இறங்கியிருக்கும், ரெண்டு நாள் பாப்போம்" என்று காத்திருப்பதுதான் அதிகம் நடக்கிறது. ஸ்டீராய்டு எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் மிகவும் குறையும். அன்றே ஆடியோகிராம் எடுக்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் குறைவு, ஒரு பக்கம் மட்டும் இரைச்சல், தலைசுற்றல், சீழ், ரத்தம், முகத்தில் மரப்பு இருந்தால் மெஷின் கடைக்குப் போகாமல் எங்களிடம் வாருங்கள். நடுவயதுக்கு முன்பே இரண்டு காதும் மந்தமாகும் பெண்களுக்கு நடுச்செவியின் அங்கவடி எலும்பு இறுகியிருக்கலாம். அதற்கு அறுவைச் சிகிச்சை உண்டு.

காசநோய்க்குப் போடும் சில ஊசிகள், சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள் காதைப் பாதிக்கும். அந்தச் சிகிச்சையில் இருப்பவருக்குத் தொடக்கத்திலேயே ஓர் ஆடியோகிராம் எடுத்து வையுங்கள்.

---

கல்லணை

பரிசோதனைக்கே வர மறுப்பவர்களை என்ன செய்வது? "எனக்கு நல்லா கேக்குது, நீங்கதான் முணுமுணுக்கிறீங்க" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் பதில்.

---

முல்லைத்திணை

அவர் பொய் சொல்லவில்லை, கல்லணை. குறைவது வருடக்கணக்கில், மெதுவாக. உயிரொலிகள் நன்றாகக் கேட்பதால் மற்றவர்கள்தான் தெளிவில்லாமல் பேசுவதாக அவருக்குத் தோன்றும். "உங்களுக்குக் காது கேக்கல" என்று தொடங்கினால் அது ஒரு குற்றச்சாட்டு. மறுப்பு வந்தே தீரும். தன்னைப் பற்றிச் சொல்லித் தொடங்குவது எடுபடும்: "ராத்திரி வரைக்கும் சத்தமா பேசி எனக்குத் தொண்டை வலிக்குதுங்க. உங்ககிட்ட முன்ன மாதிரி பேசணும்னு இருக்கு. ரெண்டு பேரும் போய்க் காதைப் பாத்துட்டு வருவோமா?" இருவரும் சோதித்துக்கொள்வது சும்மா சாக்கு இல்லை. அறுபதைத் தாண்டிய இருவருக்குமே அது தேவைதான்.

எப்போது பேசுவது என்பதும் முக்கியம். ஏதோ காதில் விழாமல் சண்டை வந்த அந்த மணி நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. மறுநாள் காலை, காபிக்குப் பிறகு, டிவி ஓடாத நேரம். பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு சொல்வது நேர்மாறான பலனைத் தரும். ஒருவர் போதும். பல வீடுகளில் மனைவி சொல்வதைவிட, சர்க்கரைக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் சொன்னால் ஏற்கிறார்கள். அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.

எழுத்தில் வேண்டும் என்பவர்களுக்கு, முதியோருக்கென 1982-இல் அமெரிக்காவில் உருவான செவிக்குறை வினாத்தாளின் பத்துக் கேள்விச் சுருக்கம் இருக்கிறது. ஆம் 4, சில நேரம் 2, இல்லை 0. மொத்தம் 40. பத்தைத் தொட்டாலே சோதிக்க வேண்டும். இதில் துணை நிரப்பும் வடிவமும் உண்டு. இருவரும் தனித்தனியாக நிரப்பிவிட்டுத் தாளை மாற்றிப் பாருங்கள். இவர் 6 போட்டிருப்பார், அவர் 28 போட்டிருப்பார். அந்த இடைவெளியைப் பற்றி அமைதியாகப் பேசினால் பாதி வழி கடந்தாயிற்று. இடைவெளியைக் காட்டி "பாருங்க, நான் சொன்னேன்ல" என்று ஜெயிக்கப் பார்த்தால் கதவு மூடிவிடும்.

---

மின்பொறி (காது மெஷின் சர்வீஸ்)

"மெஷின் வேலை செய்யலை"னு சர்வீஸுக்கு வர்றதுல பெரும்பகுதி அழுக்குதான். வீட்லயே பாக்கலாம்.

சத்தமே வரலைன்னா முதல்ல பேட்டரி. ஸ்டிக்கர் நிறத்தைப் பாத்து வாங்குங்க: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். ஸ்டிக்கரை உரிச்சதும் உடனே போடாதீங்க. காத்துல மூணுலேருந்து அஞ்சு நிமிஷம் வெச்சுட்டுப் போட்டாத்தான் முழுசா உழைக்கும். உரிச்சதைத் திரும்ப ஒட்டினாலும் பயன் இல்லை. பேட்டரி சரின்னா ரிசீவர் (காதுக்குள்ள போற குட்டி ஸ்பீக்கர்) நுனியில இருக்கிற வெள்ளை வேக்ஸ் கார்டை, அதாவது குறும்பியைத் தடுக்கிற வடியை, மாத்துங்க. குச்சியோட ஒரு முனை பழசை இழுக்கும், மறு முனை புதுசைச் செருகும். ஊசியால குத்திச் சுத்தம் பண்ணினா ரிசீவர் போயிடும். காது அச்சு வெச்ச மாடல்னா குழாய்ல வேர்வைத் துளி நிக்குதான்னு வெளிச்சத்துல பாருங்க. மெஷினைக் கழட்டிட்டு ரப்பர் ஊதியால ஊதுங்க, வாயால ஊதினா ஈரம்தான் சேரும். குழாய் மஞ்சளாகி விறைச்சுட்டா மாத்தணும். அது வழக்கமா மூணு மாசத்துலேருந்து ஆறு மாசம்.

"கீய்ங்"னு கத்தினா டோம் (காதுக்குள்ள போற மெத்துன்னு இருக்கிற நுனி) சரியா உக்காரலை, இல்ல அளவு சின்னது, இல்ல காதுக்குள்ள குறும்பி நிறைஞ்சிருக்கு, இல்ல குழாய் கீறியிருக்கு. வேகமா உடம்பு இளைச்சவங்களுக்கு அச்சு தளர்ந்தும் கத்தும்.

சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல ராத்திரி ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்ட டப்பா கட்டாயம். பேட்டரி கதவைத் திறந்து வெச்சு உள்ள போடுங்க. ஜெல் நிறம் மாறினா சூடு பண்ணி உலர்த்தணும், இல்ல மாத்தணும். பூஜை அறை, பிரிட்ஜ் மேல, ஜன்னலோரம் வேண்டாம்.

சர்க்கரையால விரல் மரத்தவங்க, கை நடுங்குறவங்க, கண் மங்கினவங்களால இந்தச் சின்னச் சாமானைக் கையாள முடியாது. வாங்கும்போதே கையில கொடுத்துப் போட்டுக் கழட்டச் சொல்லுங்க. முடியலைன்னா சார்ஜ் போடுற மாடல் பாருங்க.

---

முல்லைத்திணை

இதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன், மின்பொறி தம்பி. இந்த வேலை முழுவதும் மனைவியின் தலையில் போய் விழுகிறது. பேட்டரி, டப்பா, சர்வீஸ் தேதி, "மாட்டினீங்களா?" என்ற நச்சரிப்பு. கொஞ்ச நாளில் துணை நர்ஸ் ஆகிவிடுகிறார். முடிந்தவரை மெஷின் மாட்டுபவரே காலை மாட்டுவதும் இரவு டப்பாவில் வைப்பதும் செய்யட்டும். விரல் வராத வேக்ஸ் கார்டு வேலையை மட்டும் வாரம் ஒரு நாள், ஞாயிறு என்று வைத்துக்கொண்டு, மற்றவர் செய்யலாம். யார் எதைச் செய்வது என்று வாங்கிய அன்றே பேசி முடிவுசெய்யுங்கள்.

---

செவிவழி

வீட்டில் பேசும் முறைக்கு வருகிறேன். நான் தம்பதியருக்கு உட்கார்ந்து பழகிக் காட்டுவது இதைத்தான்.

பேசப்போகிறவர் எழுந்து போக வேண்டும், அல்லது கேட்கிறவரை வரச்சொல்ல வேண்டும். அறை தாண்டிப் பேசுவதில்லை என்பது இருவருக்கும் பொதுவான ஒப்பந்தம். ஒன்று, ஒன்றரை மீட்டர். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருண்டுவிடும். பெயர் சொல்லியோ தோளைத் தொட்டோ கவனம் திரும்பிய பிறகுதான் முதல் சொல். பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் பயந்துவிடுவார், பக்கவாட்டிலிருந்து வாருங்கள். அடுத்தது, தலைப்பு: "கரண்ட் பில் விஷயம்" என்று சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னால் ஊகிக்கும் எல்லை சுருங்கும். வேகத்தைச் சற்றே குறைத்து, சொற்றொடருக்குச் சொற்றொடர் நிறுத்த வேண்டும். எழுத்தெழுத்தாக இழுத்தால் உதட்டசைவு சிதையும்.

பிடிபடவில்லை என்றால் அதே வாக்கியத்தை ஒரு முறைதான் திரும்பச் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை வேறு சொற்களில். "சனிக்கிழமை சாந்தி வர்றா" விழவில்லையா, "நாளைக்கு மறுநாள் உங்க தங்கச்சி வருது." பெயர், எண், தேதி என்றால் விரலில் காட்டலாம், எழுதலாம்.

கேட்பவருக்கும் பொறுப்பு உண்டு, இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. "என்ன?" என்று மட்டும் கேட்டால் எதிரில் இருப்பவர் முழுவதையும் திரும்பச் சொல்ல வேண்டும். "சாந்தி வர்றான்னு கேட்டுச்சு, என்னிக்குன்னு கேக்கல" என்றால் ஒரு சொல்லோடு முடியும். கேட்காமலே தலையாட்டுவதுதான் மிகப் பெரிய சேதம். மாலையில் "நான் சொன்னேனே" "எங்க சொன்ன" என்று வெடிக்கும் சண்டை காலையில் ஆட்டிய தலையிலிருந்து வருவது. நாள் முழுக்க ஊகித்து ஊகித்து மாலையில் மூளை களைத்துப்போகும். முக்கியமான பேச்சைக் காலையில் வையுங்கள். மாலையில் அரை மணி நேரம் மெஷினைக் கழற்றிவிட்டு அமைதியாக இருக்க அவருக்கு அனுமதி வேண்டும். அதைக் கோபித்துக்கொண்டு ஒதுங்குவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சின்னச் சின்ன இடமாற்றங்கள்: சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றினால் காற்று மெஷின் மைக்கில் இரையும், ஓரிரு புள்ளி குறையுங்கள். மிக்ஸி ஓடும்போது பேச்சே வேண்டாம். ஓட்டலில் மெஷின் மாட்டியவருக்கு இரைச்சல் முதுகுப்பக்கம் வருமாறு உட்கார வையுங்கள். டிவிக்கு, ஒலியை மெஷினுக்கே நேரடியாக அனுப்பும் சின்னப் பெட்டி கிடைக்கிறது. ஸ்பீக்கர் சத்தத்தைத் துணைக்கு ஏற்றபடி வைத்துவிடலாம். எனக்குத் தெரிந்து பணம் செலவழித்து உடனே பலன் காணும் இடம் இதுதான்.

அடுத்தது, துணையின் குரலை மெஷினுக்கே நேரடியாக அனுப்பும் கிளிப் மைக். துணையின் உடையில், வாய்க்கு ஒரு சாண் கீழே குத்திக்கொள்ளலாம். தாலிச் சங்கிலியோ முந்தானை ஜரிகையோ உரசாத இடமாகப் பாருங்கள், உரசினால் அது மட்டும்தான் கேட்கும்.

---

தணிகை

சரி மேடம், ஏற்கிறேன். தூரக் கணக்கை யோசித்துப் பார்க்கவில்லை. இரவு நேரத்தைப் பற்றி யாராவது எழுதுங்கள். மெஷின் கழற்றிய பிறகு என்ன?

---

முல்லைத்திணை

தம்பதியர் கூச்சத்தால் கேட்காத கேள்வி இது, நன்றி. படுத்துக்கொண்டு இருட்டில் பேசுவதுதான் பல தம்பதியருக்கு நாளின் ஒரே தனிப்பேச்சு. மெஷின் கழற்றியதும், விளக்கு அணைந்ததும், அது அப்படியே நின்றுவிடுகிறது. மெதுவாகச் சொல்ல வேண்டியதை அடுத்த அறையில் மகன், மருமகள் காதில் விழும்படி சொல்ல முடியாது. நெருக்கமும் குறையும். அணைத்துக்கொள்ளும்போது மெஷினைக் கை மறைத்தால் கீச்சிடும், அதற்குப் பயந்தே விலகியிருப்பவர்கள் உண்டு.

செய்யக்கூடியது: பேசி முடித்த பிறகு மெஷினைக் கழற்றும் வழக்கம். படுப்பதற்கு முன் கால் மணி நேரம், சின்ன விளக்கு எரிய, மெஷினோடு. கழற்றிய பிறகு கைத்தொடுகையில் சில அடையாளங்கள் பேசிவைத்துக்கொள்ளலாம்: தண்ணீர் வேண்டும், உடம்பு முடியவில்லை, சும்மா பக்கத்தில் இரு.

ஒரு காது மட்டும் நன்றாக இருப்பவர்களுக்குக் கட்டிலில் எந்தப் பக்கம் என்பது முக்கியம். துணையைப் பார்த்து ஒருக்களித்துப் படுக்கும்போது கீழ்க்காது தலையணையில் மூடிக்கொள்ளும், மேல்காதுதான் கேட்கும். இடது காது நல்லது என்றால் துணை வலது பக்கம் படுக்கட்டும். அவரைப் பார்த்துத் திரும்பும்போது இடது காது மேலே இருக்கும். உட்காரும்போது இது தலைகீழ், நல்ல காதுப் பக்கம்தான் உட்கார வேண்டும். காரில் ஓட்டுபவருக்கு இடது காது மந்தம் என்றால் பக்கத்து இருக்கையில் இருந்து பேசிப் பயனில்லை. எங்கே திரும்புவது என்பதை வண்டி கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்கூட்டரில் பின்னாலிருந்து பேசவே வேண்டாம்.

---

பொருநைக்கரை

பணம், அரசு உதவி பற்றி நான் சேர்க்கிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 முதல் 70 டெசிபல் இழப்பு என்றால் செவித்திறன் குறைந்தவர். 70 என்றால் காது கேளாதவர். சான்றிதழும் யுடிஐடி அட்டையும் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இந்த வரையறையை வைத்துத்தான். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், ஒன்றிய அரசின் அடிப் திட்டம் வழியாக மெஷின் பெறச் சான்றிதழ் வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்திலும் காது மெஷின் உண்டு.

45, 50 டெசிபல் இழப்புள்ளவர்கள் இந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். ஆனால் வீட்டில் பேச்சு குலைவது அந்த அளவில்தான் தொடங்குகிறது. இந்த இடைவெளியில் இருப்பவர்கள்தான் ஆன்லைனில் ஆயிரம் இரண்டாயிரத்துக்கு விற்கும் ஒலிப் பெருக்கிக் கருவியை வாங்குகிறார்கள். அது எல்லா அதிர்வெண்ணையும் ஒன்றாக உயர்த்தும், சத்தம் எதற்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பும் பல மாடல்களில் சரியாக இருக்காது. ஒரு முறை காதைப் பிளந்தால், பிறகு நல்ல மெஷினையும் தொடமாட்டார்.

---

கல்லணை

காது கேட்காவிட்டால் மறதி நோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, உண்மையா?

---

வெண்ணிலவன்

தொடர்பு இருக்கிறது. டிமென்ஷியா (மறதி நோய்) பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம், 2024 அறிக்கையில், மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளில் செவிக்குறையையும் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் நடந்த அச்சீவ் ஆய்வு 2023-இல் வந்தது: மொத்தமாகப் பார்த்தால் மூன்று வருடத்தில் மெஷினால் வேறுபாடு தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த குழுவில் மட்டும் அறிவாற்றல் சரிவு 48 சதவீதம் மெதுவானது. ஆகவே "மெஷின் போடலைன்னா மறதி வந்துடும்" என்று துணையைப் பயமுறுத்தாதீர்கள்.

இதைவிட அடிக்கடி நடப்பது வேறு. மெஷின் இல்லாமல் நினைவாற்றல் சோதனைக்கு உட்கார வைப்பார்கள். கேள்வி காதில் விழாது, பதில் தவறும், மறதி நோய் என்று எழுதிவிடுவார்கள். மருத்துவமனையில் சேர்த்தாலும் இதே கதை. நகையோடு சேர்த்து மெஷினையும் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; கேட்காமல், இரவு பகல் தெரியாமல், முதியவர் குழம்பிப்போவார். பெயர் எழுதிய டப்பாவில் மெஷினும் மாற்று பேட்டரியும் கட்டிலருகே இருக்கட்டும். தலைமாட்டில் "காது மந்தம், முகத்தைப் பார்த்துப் பேசவும்" என்று ஒரு தாள் ஒட்டுங்கள்.

---

கல்லணை

கடைசியாக ஒன்று. இருவருக்குமே காது மந்தம் என்றால்? யார் யாருக்கு உதவுவது?

---

செவிவழி

எழுபதுக்கு மேல் இது சாதாரணம். பலருக்கும் இருவரின் குறையும் ஒரே மாதிரி இருக்காது. ஆடியோகிராம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வேலையைப் பிரிக்கலாம். தாழ் அதிர்வெண் நன்றாகக் கேட்பவர் குக்கர் விசிலைத் தவறவிட்டாலும் கதவு தட்டுவதைக் கேட்பார். விசிலை நம்பாமல் டைமர் வைத்து அடுப்பை அணைக்க வேண்டும். வாசல் மணிக்கு விளக்கு மின்னும் வகை, போனுக்கு அதிர்வு, காலையில் எழத் தலையணைக்கடியில் அதிர்வு அலாரம்.

வீட்டுக்குள் பேசவும் வெளியாட்களிடம் பேசவும் போனில் பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் தமிழில் ஓரளவு நன்றாக வேலை செய்கின்றன. கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் அதில் ஒன்று. எழுத்தைப் பெரிதாக்கி மேஜை நடுவில் ஒரு டேப்லெட்டை நிறுத்திவைத்தால் இருவரும் பார்க்கலாம். வட்டாரப் பேச்சை அது தப்பாக எழுதும், பெயர்களைக் குதறும். இருந்தாலும் விஷயம் புரிந்துவிடும்.

இருவரையும் ஒரே நாளில், ஒரே அறையில் பொருத்துங்கள். இருவருக்கும் ஒரே பேட்டரி எண் வருகிற மாடலாகக் கேட்டு வாங்குங்கள். வலது காதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம் என்று எல்லா மெஷினிலும் குறி இருக்கும். ஆனால் அவருடையது எது, அவருடைய மனைவியுடையது எது என்று அதில் இருக்காது. வாங்கும்போதே உறையின் நிறத்தை வேறு வேறாக எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் டப்பா மாறி, ஒருவர் அளவு மற்றவர் காதில் ஏறிவிடும்.